ஒரே பெயரில் மூன்று பேர்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் ஊரில் பாதிப் பேர் நான் டாக்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்குக் கொஞ்ச தூரத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த சின்ன ஊர் அது. மாப்பிள்ளை ஓசூர்க்காரர் என்று சொல்லி அப்பா பெயரையும் சொன்னார். அந்தப் பெயரில் ஓசூரில் ஒரு டாக்டர் இருப்பது எங்கள் பக்கம் வரைக்கும் தெரிந்த விஷயம். சித்தப்பா தோப்பிலிருந்து நேராக வந்து நின்றார்.

"ஏண்ணா, டாக்டர் மாப்பிள்ளையாமே! அவ்வளவு பெரிய எடம் எப்படிக் கெடச்சுது?"

"டாக்டர் இல்லப்பா," என்றார் அப்பா.

சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அப்ப அந்தக் குஸ்திப் பயில்வானா? ஐயையோ, அந்த ஆளுக்கு ஆக்கிப் போட்டே நம்ம புள்ள தேஞ்சு போயிடுமே!"

"ரெண்டு பேரும் இல்லடா. பஸ் டிரைவர். அவரு பேரும் அதேதான்."

சித்தப்பா மூச்சு விட்டார். "டிரைவரா? அப்ப சரி. முகூர்த்தத்துக்கு எல்லாரும் பஸ்லயே போயிடலாம்." அப்படியே போகவும் போனோம்.

அந்தப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். கட்டினவரின் பெயரை வாயால் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள் நான். அவர் போய்ப் பல வருஷம் ஆகியும் எழுதக்கூடக் கை வரவில்லை. ஓசூரில் மலைமேல் இருக்கிற சாமியின் பெயர் என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் அந்த ஊரில் தமிழ் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு என்று மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். எந்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்தாலும் முதலில் அந்தச் சாமி பெயரைத்தான் யோசிப்பார்கள். ஒரு வீட்டில் வால் கொஞ்சம் நீளும், இன்னொரு வீட்டில் 'அப்பா' என்று முடியும், எங்கள் வீடுகளில் 'அன்' என்று முடியும். பெயர் ஒன்றுதான். கடைத்தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் ஊருக்கே தெரிகிற ஆட்கள் மூன்று பேர்தான்.

முதலாமவர் டாக்டர். தெலுங்கு வீட்டுக்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்ஜியத்துக் கிராமங்களிலிருந்தும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அவரிடம் வருவார்கள். பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று எந்தக் கிராமத்திலிருந்து ஆள் வந்தாலும் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கார் போகும்போது அவரைச் சுமந்துகொண்டு போகும். வரும்போது பெரும்பாலும் யாராவது தள்ளிக்கொண்டு வருவார்கள்.

இரண்டாமவர் பயில்வான். கன்னட வீட்டுக்காரர். தகப்பன் இல்லை. அம்மாவும் மகனும்தான். ஏரிக்கரைப் பக்கம் அவர்களுக்கு ராகிக் கொல்லை இருந்தது. பெங்களூர், மைசூர் என்று போய்ப் பெரிய பெரிய ஆட்களை மண்ணில் சாய்த்துவிட்டு வந்தவர். ஜெயித்துவிட்டு வரும் நாளில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரைக்கும் மேளத்தோடு கூட்டிப் போவார்கள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அம்மா எதிரில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

மூன்றாமவர் எங்கள் வீட்டுக்காரர். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் பஸ்ஸை ஓட்டினார். டிரைவருக்கு என்ன பெரிய பேர் என்று நினைக்கக் கூடாது. அப்போது ரோடு என்பது பாதி கல், பாதி பள்ளம். அந்த ரோட்டில் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் அவர் பஸ்தானா என்று கேட்டுத்தான் ஏறுவார்கள். பெட்டிக்கடைக்காரர் சோடா பாட்டில்களை வேறு எந்த பஸ்ஸிலும் போட்டுவிட மாட்டார்.

டாக்டர் வீட்டம்மாவும் நானும் பழகினதே இந்தப் பெயரால்தான். தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மயக்கம் வருகிறது என்று மருந்துக்குப் போயிருந்தேன். கம்பவுண்டர் சீட்டு எழுத, "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டார்.

நான் பேசாமல் நின்றேன். மறுபடியும் கேட்டார்.

"உங்க டாக்டர் பேருதாங்க," என்றேன்.

"எங்க டாக்டர் பேர் என்ன, சொல்லும்மா," என்றார் கம்பவுண்டர், வேண்டுமென்றே.

உள்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. டாக்டர் வீட்டம்மா திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அவளைத் தொந்தரவு செய்யாதீங்க. எனக்கும் அதே கஷ்டம்தான். யாராவது வந்து டாக்டர் பேர் என்னன்னு கேட்டா போர்டைத்தான் காட்டுவேன்." அவர் தமிழில் தெலுங்கு வாசனை வீசும். அன்றைக்கு உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் வந்ததில்லை.

பயில்வானின் அம்மாவுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. பெற்ற மகன் பெயரைச் சொல்ல யாரைக் கேட்க வேண்டும்? தெரு முனையில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லி, "சோம்பேறி, தின்னிப்பண்டாரம்," என்று ஆரம்பித்தால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். நானும் டாக்டர் வீட்டம்மாவும் சேர்ந்து நிற்கும்போது அது காதில் விழுந்துவிட்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வோம். ஒரே திட்டு, மூன்று பேருக்கும் சேர்த்து விழுந்த மாதிரி இருக்கும்.

மாநிலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடையில் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அதைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. காலையில் போன பஸ் சாயங்காலம் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் கவலை.

ராகி அறுப்பு நடந்துகொண்டிருந்த மாதம். அந்தச் சமயத்தில் தளிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கி சானமாவுக் காட்டுக்கு வரும். ராகி வாசனை அவற்றுக்குத் தெரியும் என்பார்கள். காலையில் கிளம்பும்போது எங்கள் வீட்டுக்காரர், "ரெண்டு மூணு நாளா சானமாவு கிட்ட ரோட்டு மேலயே நிக்குதுங்களாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பயப்படுகிற மாதிரிச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வார்களே, அப்படித்தான் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த சந்தில். அந்தப் பக்கம் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "அக்கா, கொஞ்சம் வாங்க," என்றாள். ஏன் என்று கேட்டதற்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். 

பஸ் நிற்கும் இடத்துப் புளியமரத்தடியில் கூட்டம். நடுவில் ஒரு பால்காரர், சைக்கிளில் பால் கேன் தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அதே ரோட்டில் சானமாவுக்கு அப்பால் இருக்கிற உத்தனப்பள்ளிப் பக்கத்திலிருந்து பால் கொண்டுவருபவர். ஓசூர் ஆட்களை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. டிக்கெட் ஏஜெண்டு என்னைப் பார்த்ததும் வழி விட்டார்.

"திரும்பவும் சொல்லுப்பா. மொதல்லருந்து சொல்லு," என்றார் ஏஜெண்டு.

பால்காரர் சொன்னார். "சானமாவு கிட்ட வந்துகிட்டு இருந்தேங்க. ரோட்டுல பஸ்ஸு நின்னுது. ஒரே கூச்சல். ஒரு ஆளைத் தூக்கி பஸ்ல ஏத்தறாங்க. ரத்தம். கிட்டப் போகலீங்க, யானை அந்தாண்டதான் இருந்துது. கண்டக்டர் என்னைப் பார்த்துட்டு, ஓசூர்ல போய்ச் சொல்லுன்னு கத்தினாரு." அப்புறம் அந்தப் பெயரைச் சொன்னார். "அவரு அடிபட்டு விழுந்துட்டாருன்னு சொல்லச் சொன்னாருங்க. இன்னும் என்னவோ சொன்னாரு. அதுக்குள்ள பஸ் கெளம்பிடுச்சு."

பெயர் காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் கெளம்புச்சு இல்ல? அப்ப டிரைவருக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் ஏஜெண்டு என்னிடம்.

எனக்கு அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. கிளீனர் கொஞ்ச நாளாக வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரரே காலி ரோட்டில் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துச் சொல்லித்தருவார்.

அதற்குள் டாக்டர் வீட்டம்மா வந்துவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தார். காலையில் உத்தனப்பள்ளியில் பிரசவக் கேஸ் என்று டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கார் வழியில் நின்றுவிட்டால் வருகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வது அவர் வழக்கம். "அவருதானா? கண்ணாடி போட்டிருந்தாரா? சொல்லுங்கய்யா, கண்ணாடி இருந்துச்சா?" என்று பால்காரரைக் கேட்டார். பால்காரருக்குத் தெரியவில்லை. முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

கடைசியாகப் பயில்வானின் அம்மா வந்தார். கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தார். புடவையெல்லாம் ராகித் தூசி. "ஏனாயித்து? என் மகனுக்கு என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்தார். அன்றைக்குக் கிருஷ்ணகிரியில் குஸ்தி. மகன் எங்கள் வீட்டுக்காரரின் பஸ்ஸில்தான் ஏறிப் போயிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். மூன்று பேரில் ஒருவருக்கு. யாருக்கு என்பது தெரியாது. 

"இங்க நின்னு என்ன பண்றது? போகலாம்," என்றார் பயில்வானின் அம்மா.

செங்கல் இறக்கிவிட்டு இராயக்கோட்டைக்குத் திரும்புகிற ஒரு லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் சேலத்துப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டுக்காரரைத் தெரிந்தவர். ஏஜெண்டு சொன்னதும் முன்பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் இருந்த செங்கல் தூளைத் துண்டால் தட்டிவிட்டார். மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தோம். நான் நடுவில். வயிற்றில் பிள்ளை இருந்ததால் இரண்டு பக்கமும் இருவரும் எனக்கு அண்டை கொடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள்.

லாரி ஓசூர் எல்லையைத் தாண்டியது. அப்புறம் டாக்டர் வீட்டம்மா மெதுவாகச் சொன்னார். "சாமியை வேண்டிக்கலாம்னு பார்க்கறேன். வேண்ட வாய் வரல. எனக்கு வேணாம்னு சொன்னா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடுதே."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு வந்தது.

பயில்வானின் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே, "யாருக்கும் வேணாம்னு வேண்டிக்கோ," என்றார். "சாமி பேரைத்தானே மூணு பேருக்கும் வெச்சிருக்கோம். அவனுக்கே தெரியட்டும்."

சானமாவுக்கு முன்னால் கிராமத்து ஆட்கள் லாரியை நிறுத்தினார்கள். தகரத்தைத் தட்டிக்கொண்டு, தீப்பந்தத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். காட்டோரம் ஒரு ராகிக் கொல்லையில் கருத்த முதுகுகள் அசைவது தெரிந்தது. "இருங்க, இருங்க, உள்ளே போகட்டும்," என்றார்கள். அடிபட்டது யார் என்று கேட்டோம். அவர்களும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூச்சல் போட்டார்களாம். வேறு எதுவும் அவர்களுக்கும் தெரியவில்லை.

யானைகள் மெதுவாக மரங்களுக்குள் போய் மறைந்தன. லாரி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ரோட்டில் ராகிக் கட்டு ஒன்று அவிழ்ந்து சிதறிக் கிடந்தது. பக்கத்துப் பள்ளத்தில் பாறை. பாறைமேல் ஒரு துண்டு.

"நிறுத்தப்பா," என்றார் பயில்வானின் அம்மா.

இறங்கிப் போய் அந்தத் துண்டை எடுத்தார். மஞ்சள் துண்டு, சிவப்புக் கரை. ஏதோ ஒரு குஸ்தியில் ஜெயித்தபோது போர்த்தியது. மகன் வெளியூருக்குப் போகும்போது அதைத்தான் தோளில் போட்டுக்கொள்வார். அது எனக்கும் தெரியும், டாக்டர் வீட்டம்மாவுக்கும் தெரியும். துண்டில் ஒரு பக்கம் முழுக்க ரத்தம்.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின அதே வேகத்தில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. டாக்டர் வீட்டம்மா என் கையை இறுகப் பிடித்தார். 

பயில்வானின் அம்மா துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காட்டைப் பார்த்து மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திட்டும்போது எப்படி உரக்கக் கூப்பிடுவாரோ அதே குரலில்தான். நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய் அவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். "அம்மா, பஸ்லதான் ஏத்தியிருக்காங்க. உத்தனப்பள்ளியில டாக்டர் இருக்காரு. வாங்கம்மா," என்றேன். டாக்டர் அங்கே இருக்கிறாரா என்பது எனக்கு எங்கே தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

லாரி டிரைவர் அப்போதுதான் முதல்முறையாகப் பேசினார். "செத்தவனா இருந்தா ரோட்டோரமாப் படுக்க வெச்சிருப்பாங்கம்மா. இவ்வளவு அவசரமா ஏத்திகிட்டுப் போயிருக்காங்கன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம். ஏறுங்க."

உத்தனப்பள்ளியில் பஸ் ஆலமரத்தடியில் நின்றிருந்தது. டிரைவர் சீட் காலி. கதவு திறந்து கிடந்தது.  பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் ஒரு ஓட்டு வீட்டின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். லாரி நின்றதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துகிற மாதிரி. அப்புறம் கன்னடத்தில், கொன்றுவிட்டார்கள், என்னைக் கொன்றுவிட்டார்கள் என்று அலறல்.

பயில்வானின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். "கத்தறான்," என்றார். என்னைப் பார்த்து, "கத்தறான் தாயி. கேட்டியா? அவன்தான் கத்தறான்!" அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் பயில்வான். சட்டை கை மடித்து, கண்ணாடி நழுவ, டாக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு பயில்வானின் மேல் சாய்ந்து அவரை அசையவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் ஒரே அறையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னும் ஒரு இழுப்பு. பிடிச்சுக்கோங்க டிரைவர்," என்றார் டாக்டர்.

டாக்டர் வீட்டம்மா வாசல்படியில் நின்றபடி சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நீ எதுக்கு இங்க வந்தே? வீட்டைப் பூட்டினியா?" என்றார். 

தோளைத் தப்பை வைத்துக் கட்டி முடித்த பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கள் வீட்டுக்காரர் எப்போதும் குறைவாகத்தான் பேசுவார். கண்டக்டர்தான் முழுவதும் சொன்னார்.

சானமாவு தாண்டி ரோட்டின் ஓரத்தில் யானைகள் நின்றிருக்கின்றன. எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹாரன் அடிக்காமல், யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். அப்போது எதிர்ப்பக்கம் கொல்லை வேலைக்குப் போய்விட்டு ஒரு பெண் தலையில் ராகிக் கட்டோடு வந்திருக்கிறாள். யானையைப் பார்த்ததும் கை கால் அசையாமல் ரோட்டின் நடுவிலேயே நின்றுவிட்டாள். கட்டைக்கூடக் கீழே போடவில்லை. ஒரு யானை அவளை நோக்கித் திரும்பியது. பயில்வான் பஸ்ஸின் பின் வழியாகக் குதித்தார். யாரும் தடுப்பதற்குள் ஓடிப்போய், அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தார். கட்டு ரோட்டிலேயே விழுந்து சிதறியது. அவள் மேலே, இவர் கீழே. தோள் பாறையில் மோதியது. தலையிலும் அடி.

"அப்ப டிரைவரண்ணன் என்ன பண்ணாருன்னு கேளுங்க," என்றார் கண்டக்டர். "வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஆமை மாதிரி நகத்தி, யானைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டாரு. யானை வந்து கண்ணாடி கிட்ட நின்னு பார்க்குது. நாங்கெல்லாம் சீட்டுக்கடியில. இவரு மட்டும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுகிட்டு அதையே பார்க்கறாரு. அது என்ன நெனச்சுதோ, திரும்பிப் போயிடுச்சு."

பால்காரரிடம் கண்டக்டர் கத்தினது இதுதான்: இன்னார் அடிபட்டு விழுந்துவிட்டார், இன்னார் உத்தனப்பள்ளியில் இருக்கிறார், இன்னாரே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கூட்டிப் போகிறார். மூன்று இடத்திலும் ஒரே பெயர். பால்காரர் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்.

"டிரைவர், டாக்டர்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

"சார், யானை பக்கத்துல நிக்குது. எனக்கு என் பேரே மறந்து போச்சு," என்றார் கண்டக்டர். அப்போது எல்லாரும் சிரித்தோம். பயில்வானும் சிரித்து, வலியில் மறுபடியும் கத்தினார்.

எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து, மரத்தடியில் டீ கிளாஸைக் கையில் வாங்கினார்.  டீ பாதி கீழே சிந்தியது.

"பயந்துட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க?"

"அப்ப இல்ல. இப்பத்தான்," என்றார். அப்புறம் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "லாரியில ரொம்பக் குலுங்குச்சா?" என்று கேட்டார். ரோட்டைப் பற்றி நினைக்காமல் அவரால் இருக்க முடியாது.

காப்பாற்றப்பட்ட பெண்ணும் அந்த பஸ்ஸிலேயே வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டு வாசலுக்கு வெளியே தள்ளி, பயில்வானின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று பள்ளத்தில் கிடந்ததாம், தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அக்கா, அந்தண்ணன் பேரு என்னங்க்கா? சாமிகிட்டச் சொல்லி வேண்டிக்கணும்," என்றாள்.

நான் விழித்தேன். திரும்பி டாக்டர் வீட்டம்மாவைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ சொல்லக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று பயந்துபோனாள். கடைசியில் பயில்வானின் அம்மா வந்து மகன் பெயரைச் சொல்லி, அவளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "பாத்துக்கோ. உன்னைத் தூக்கினவன் இவன்தான். இனிமே கட்டைக் கீழே போட்டுட்டு ஓடு, புரிஞ்சுதா?" என்று அவளுக்கும் ஒரு திட்டு விழுந்தது. அவள் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

யானைகள் உள்காட்டுக்குப் போய்விட்டன என்று ஆள் வந்து சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸைத் திருப்பினார். கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியவர்கள்கூட, பயில்வானை வீட்டில் விட்டுவிட்டு அப்புறம் போகலாம் என்றார்கள். பிரசவமும் நல்லபடியாக முடிந்திருந்ததால் டாக்டர் காரை அங்கேயே விட்டுவிட்டு எங்களோடு ஏறினார். பயில்வானைப் பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் ஓட்டினதைப் போல அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் பெயர் சொல்லித் தெரிந்தவர் மாதிரி விலக்கி விலக்கிப் போனார். பயில்வான் தோளைப் பிடித்துக்கொண்டு தூங்கியே போனார். ஜன்னல் வழியே சாயங்கால வெயில் அவர் முகத்தில் விழுந்தது. அவர் அம்மா முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்தார்.

ஓசூரில் ஊரே திரண்டு நின்றது. கடைகளில் பாதிக் கதவை இழுத்து மூடியிருந்தார்கள். போனது யார் என்று தெரியாததால் மூன்று தெருவிலும் அடுப்பு பற்ற வைக்கவில்லையாம். பஸ் வந்து நின்றதும் எல்லாரும் கதவையே பார்த்தார்கள்.

டிரைவர் கதவைத் திறந்துகொண்டு எங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் இறங்கினார். எங்கள் சந்துக்காரர்கள் கூச்சல் போட்டு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் டாக்டர் இறங்கினார். கம்பவுண்டர் ஓடிவந்து அவர் பையை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அதற்கப்புறம் கூட்டத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மீதி ஒருவர்தான். ஏரிக்கரைப் பக்கத்து ஆட்கள் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்தும் விட்டார்கள்.

பயில்வான் குனிந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பின் படியில் காலை வைத்தார். "யாருக்குடா இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார்.

அன்றைக்கு எழும்பின சத்தத்தை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் கலந்து, யார் எந்தப் பாஷையில் கத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. யாரோ மேளத்தை எடுத்து வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். 

மறுநாள் பயில்வானைப் பெங்களூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரும் கூடப் போனார். எலும்பு சேர்ந்தது. ஆனால் கை தோளுக்கு மேல் தூக்க வராது, குஸ்தி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டபோது எங்களுக்கெல்லாம் ரொம்ப வருத்தமாக இருந்தது. அவரும் சில மாசம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் கிருஷ்ணகிரிக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள், குஸ்தி நடக்கும்போது வெற்றி தோல்வியைச் சொல்ல ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று. போய்விட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் இல்லாமல் அந்த வட்டாரத்தில் குஸ்தி நடக்கவில்லை. கொல்லை வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. டாக்டர்தான் பிரசவம் பார்த்தார். வெளியே வந்து எங்கள் வீட்டுக்காரரிடம், "பொண்ணு. நல்லவேளை, இன்னொரு நம்ம பேர்க்காரன் வரல," என்றாராம். அவர் வீட்டம்மா அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டாக்டர் பிற்பாடு கிருஷ்ணகிரிக்கு மாறிப் போனார். எங்கள் வீட்டுக்காரர் வேலையை விடும்வரை அதே ரோட்டில்தான் ஓட்டினார். ராகி அறுப்புக் காலம் வந்தால் அவர் திரும்பி வருகிறவரை எனக்கு வேலை ஓடாது. ஆனால் அன்றைக்குப் பட்ட பயத்தோடு ஒப்பிட்டால் அதெல்லாம் சும்மா.

குழந்தையை எடுத்துக்கொண்டு ஒருநாள் பயில்வான் வீட்டுக்குப் போயிருந்தேன். யாரோ உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, அப்படிப்பட்ட கை இப்படி ஆகிவிட்டதே, எவ்வளவு பெரிய பேர் போய்விட்டதே என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். பயில்வான் பக்கத்தில் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு உருண்டையை மகன் தட்டில் போட்டார்.

"மேல தூக்க வரலன்னா என்ன?" என்றார். "தட்டுலருந்து வாய் வரைக்கும் வருதில்ல? எனக்கு அது போதும்."

பயில்வான் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தார். என் மடியிலிருந்த குழந்தை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.